கடல்கொண்ட பெருவழி

பண்டை மாந்தர் பரவிக் குடியேறிய கண்டங்களுள் மிகப் பிந்தியவை வட, தென் அமெரிக்கக் கண்டங்களாகும். 1492இல் கொலம்பஸ் அப்பகுதியை அடைந்தபோது, அலாஸ்காவின் பனிவெளி முதல் தென்கோடித் தீவுகள் வரை மக்கள் வாழ்ந்திருந்தனர். நூற்றுக்கணக்கான மொழிகள் அங்கு வழங்கின. இம்மக்கள் எங்கிருந்து வந்தனர்?

இவ்வினாவிற்கு முதன்முதல் அறிவார்ந்த விடை கூறியவர்களுள் ஒருவர், பெரு நாட்டில் பல்லாண்டு வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தெ அக்கோஸ்தா. வடக்கே எங்கோ இரு நிலங்களும் இணைந்தோ மிக நெருங்கியோ இருத்தல் வேண்டும் என்றும், விலங்கும் மாந்தரும் அவ்வழியே வந்திருப்பர் என்றும் 1590இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். பேரிங் என்னும் மாலுமி அந்நீரிணையில் கலம் செலுத்தியதோ 1728இல்தான். அப்பகுதிக்குச் சரியான நிலப்படம் இல்லாத காலத்தில், காட்டுவிலங்குகளைக் கப்பலேற்றி யார் கொண்டுவந்திருப்பர் என்று எண்ணிப் பார்த்தே ஒருவர் இம்முடிவிற்கு வந்தார் என்பது வியப்பிற்குரியது.

பேரிங் நீரிணை குறுகிய இடத்தில் ஏறத்தாழ 85 கி.மீ. அகலமும், சுமார் 50 மீட்டர் ஆழமுமே உடையது. பனியூழிக் காலத்தின் உச்சத்தில் பெருநீர் பனிப்பாளங்களாய் நிலத்தில் உறைந்து கிடந்தமையால் கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அந்நாளில் வெளிப்பட்ட நிலத்தைப் பாடநூல்கள் 'பாலம்' என்கின்றன. அச்சொல் பொருத்தமற்றது. வடக்குத் தெற்காய் ஆயிரம் கி.மீ. அளவு பரந்த புல்வெளி அது. கம்பளி யானையும் காட்டெருமையும் அங்கு மேய்ந்தன. கண்டம் கடக்கிறோம் என்பதை அங்கு நடந்தவர் அறிந்திரார். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் அதனைக் கடல் கொண்டது. கடல்கோள் என்னும் சொல்லை நாம் அடிக்கடி ஆள்கிறோம். கடலடி மண்ணே சான்று கூறும் கடல்கோள் இது.

எப்போது வந்தனர் என்பதில்தான் கருத்துப்போர் மிகுதி. நியூ மெக்சிகோவில் குளோவிஸ் என்னுமிடத்தில் கிட்டிய, 13,000 ஆண்டுப் பழமையுடைய கல்வேல்முனைகளைச் செய்தவரே முதற்குடிகள் என நெடுங்காலம் கொண்டனர். சிலி நாட்டின் மோன்தே வெர்தேயில் டில்லஹே அகழ்ந்த வாழிடத்தின் காலம் 14,500 ஆண்டுகள் எனக் கணிக்கப்பெற்று, 1997இல் அறிஞர் குழுவொன்று நேரிற்சென்று ஏற்றபின் அக்கொள்கை தளர்ந்தது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சேண்ட்ஸில் கண்ட காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுப் பழமையுடையவை என 2021இல் ஆய்வுரை வெளியாயிற்று. அவற்றுள் பல சிறுவர்தம் அடிகள். கனடாவின் பெரும்பகுதியைப் பனி மூடியிருந்த அக்காலத்தில் மாந்தர் கடலோரமாய்த் தெற்கே இறங்கியிருத்தல் கூடும்.

மரபணு ஆய்வும் ஆசியாவையே சுட்டுகிறது. பைக்கால் ஏரிப் பக்கத்து மால்தாவில் 24,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த சிறுவன் ஒருவனின் மரபணுத் தொகுதி 2013இல் வெளியிடப்பெற்றது. அமெரிக்கப் பழங்குடியினர் மரபில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவன் இனத்தாருடையது. எஞ்சியது கிழக்காசிய மரபு.

தமிழ் பயில்வோர்க்கு மொழிச்சான்று இனிக்கும். யெனிசே ஆற்றங்கரையில் மிகச் சிலரே பேசும் கெட் மொழியும், அமெரிக்காவின் நா-தெனே மொழிகளும் ஒரு குடும்பத்தன என 2008இல் வாஜ்டா வாதிட்டார். எல்லாரும் இதனை ஏற்றிலர். எனினும் அவர் ஒலி ஒத்த சொற்களை மட்டும் அடுக்காது, வினைச்சொல்லின் முன்னொட்டு வரிசையையும் ஒலிமாற்ற ஒழுங்கையும் காட்டுகிறார். நாலு சொல் ஒத்தால் உறவு கொண்டாடும் நம் மேடைப் பேச்சாளர் இதனைக் கருத வேண்டும்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில், கென்னவிக் நகரருகே கொலம்பியா ஆற்றில் ஏறத்தாழ முழுமையான ஓர் எலும்புக்கூடு அகப்பட்டது. வயது ஏறத்தாழ 8,500 ஆண்டுகள். இடுப்பெலும்பில் கல்வேல்முனை புதைந்திருந்தது. மண்டையோட்டின் வடிவு நோக்கி, இவர் பழங்குடியினர் அல்லர் என்றனர் சிலர். "எம் முன்னோர், மண்ணுக்கே திருப்புக" என்றனர் அப்பகுதிப் பழங்குடியினர். அறிஞர் எண்மர் வழக்காடினர். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிஞர் பக்கம் தீர்ப்பளித்தது. 2015இல் மரபணு ஆய்வு முடிந்தபோது, அவர் இன்றைய அமெரிக்கப் பழங்குடியினர்க்கே மிக நெருங்கியவர் என்பது புலனாயிற்று. ஒப்பீட்டுக்குத் தம் மரபணுவை மனமுவந்து தந்தவர் கோல்வில் பழங்குடியினர்.

மண்டையோட்டை அளந்து இனம் கூறுவோர் இங்குப் பிழைபட்டனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், 1996இலேயே அவ்வெலும்புகள் புதைக்கப்பெற்றிருப்பின் இச்சான்றும் கிட்டியிராது. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணும்போது எவர் பக்கம் நிற்பது என்று என் மாணவர் வினவுவதுண்டு; நான் உடனே விடை கூறுவதில்லை. 2017 பிப்ரவரியில் ஐந்து பழங்குடியினரும் கூடி, வெளியார் அறியா இடத்தில் அவரை நல்லடக்கம் செய்தனர்.