இசைத்தட்டுத் தேட்டம்

மாலை வேளையில் நம் கல்லூரி விடுதிப் பக்கமாக நடப்போர், மாணாக்கர் அறையொன்றினின்று இடியும் இரும்பும் ஒருங்கே மோதினாற்போன்ற முழக்கம் எழக் கேட்டிருப்பர். மேனாட்டார் இதனை ‘ஹெவி மெட்டல்’ என்பர். அவ்வறைக்குரிய மாணாக்கரை அழைத்து யாம் வினவியபொழுது, அவர் ஒரு குழுவின் பெயரைச் சொல்லி, அதனை இக்கல்லூரியில் வேறெவரும் அறியார் என்பதையும் பெருமிதத்தோடு சேர்த்துக் கொண்டார். “பெயர்பெற்ற குழுக்களை எல்லாருந்தாம் கேட்கிறார்கள், ஐயா” என்றார். எமக்கு நகை எழவில்லை. அந்நோய் எமக்கும் உண்டு. அவர் தேடுவது அயல்நாட்டு முழக்கம். யாம் தேடுவது நம் நாட்டுப் பழைய கிராமபோன் தட்டு. வேறுபாடு அவ்வளவே.

அம்மாணாக்கர் கூறிய வரலாறொன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. இங்கிலாந்தில் ‘டயமண்ட் ஹெட்’ என்னும் குழுவினர், கம்பெனிகளின் துணையின்றி, 1980-இல் தம் முதற்றட்டைத் தாமே வெளியிட்டனர். அதன் உறை வெறும் வெள்ளை. குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் படிகளே அச்சாயின. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லார்ஸ் அல்ரிக் என்னும் இளைஞர், அத்தகைய தட்டுக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். அவர் அக்குழுவின்மேற் கொண்ட ஆர்வத்தால் 1981-ஆம் ஆண்டுக் கோடையில் அவர்களைக் காணவே கடல் கடந்து சென்றார்; திரும்பிய அவ்வாண்டிலேயே ‘மெட்டாலிகா’ என்னும் குழுவை நிறுவினார். பின்னர் உலகெங்கும் பெயர் பரவியது இவர்கட்கே. இவர்கள் 1984-இல் டயமண்ட் ஹெட்டின் பாட்டொன்றைத் தாமும் பாடி வெளியிட, ஊர்பேர் அறியாதிருந்த அவ்வாங்கிலக் குழுவைப் பலரும் அறியலாயினர். ஆயிரம் படிகளுள் ஒன்று தகுந்த செவியை அடைந்ததன் விளைவு இது.

இஃது இக்காலத்தார்க்கே உரிய புதுமை என்று எண்ண வேண்டா. அதற்கு எழுபதாண்டுகட்கு முன்னரே இங்ஙனம் ஒருவர் கடல் கடந்ததுண்டு; அவரை இழுத்தது தமிழ்ப் பெண்மணி ஒருவரின் குரல். கோயம்புத்தூர்த் தாயி (1872–1917) என்பார் கிராமபோன் இந்நாட்டிற் புகுந்த தொடக்கக் காலத்திலேயே பல தட்டுக்களிற் பாடியவர். அவை பாரிஸ் நகர்வரை சென்றன. ராவெல் என்னும் பெரும்புலவரின் மாணாக்கரான மோரிஸ் டெலாஜ் அவற்றைக் கேட்டு மயங்கினார். 1912-ஆம் ஆண்டளவில் இந்தியாவிற் சுற்றுப்பிரயாணமும் செய்தார். தாயியின் பாட்டைத் தழுவி ‘இராகமாலிகா’ என்று பியானோவுக்கு ஓர் உருப்படி இயற்றினார். அதில் நம் தாள வாத்தியத்தின் ஓசை கேட்கவேண்டுமென்று, பியானோவின் தந்தியொன்றன் கீழ் அட்டைத் துண்டு செருகும்படி குறித்துள்ளார். மேனாட்டு இசை வரலாறு எழுதுவோர் இவ்வட்டைத் துண்டை மறவாது குறிக்கின்றனர். தாயியின் பெயரையோ, அவர் பிறந்த நாட்டில் நூற்றுவருள் ஒருவரேனும் அறிவரோ என்பது ஐயமே.

இனி எம் ஊர்க்கு வருவோம். விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் வழியில் உள்ளது மல்லாங்கிணறு. கரிசற்காட்டு ஊராகிய இங்கே சங்கீத சபை ஏது? மாரியம்மன் பொங்கலுக்கும் கலியாண வீட்டுக்கும் ரேடியோ செட்டுக்காரர் வருவார், வேப்பமரத்தில் குழாயைக் கட்டுவார், பிளேட்டுப் போடுவார். (இசைத்தட்டு என்பது ஏட்டுவழக்கு, ஊரார் நாவில் அஃது என்றும் பிளேட்டுத்தான்.) எம் இசைக்கல்வி அக்குழாயின் கீழ் நடந்ததே. அவரிடமிருந்த பெட்டியில் அடியிற் கிடந்தவை, கறுத்துக் கனத்த 78 சுற்றுத் தட்டுக்கள். அவற்றை அவர் போடுவதில்லை. போடாதவற்றின்மேலேயே எம் மனம் சென்றது.

அத்தட்டின் இயல்பை அறியாதார்க்காகச் சில சொல்லுதும். அது வினைல் அன்று, அரக்கு. மரத்திற் பூச்சி கக்கும் அரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து அழுத்தியது. கீழே விழுந்தால் மட்பாண்டம்போல் உடையும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். ஆதலின் முழு நாடகத்தையும் கேட்கப் பல தட்டுக்கள் கொண்ட தொகுதி வேண்டும். எம் பக்கத்து வீடுகளிற் கோவலன் தொகுதியில் மூன்றாவது தட்டு இல்லாமலும், வள்ளி திருமணத்தில் முதற்றட்டு மாத்திரமும் கிடைப்பது இதனாலேயே. முதன்முதலாக இந்தியப் பாட்டைத் தட்டிற் பதிக்க இங்கிலாந்துக் கம்பெனியார் 1902-இற் கல்கத்தாவுக்கு ஆளனுப்பினர். அந்நாளில் தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். தமிழோ இந்துஸ்தானியோ அறியாத அவ்வூர்த் தொழிலாளர் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டாதிருக்க, பாடியவர் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே கூறுதல் வழக்கமாயிற்று. பாகவதருக்கு அது கூச்சமாக இருந்திருக்கும். தட்டுத் தேடுவோர்க்கோ அதனினும் இனிய சங்கதி பிறிதில்லை. 1908-இற் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்ட பின்னர் இவ்வழக்கம் மெல்ல ஒழிந்தது.

தட்டை ஆய்வோன் பெயர்ச்சீட்டை மாத்திரம் நம்பலாகாது. சீட்டை இராமபாணப் பூச்சி அரிக்கும்; ஈரம் அழிக்கும். சீட்டை ஒட்டிய வெற்றிடத்தில், அரக்கிலேயே பொறித்த எண்ணொன்று உண்டு. அது மூல அச்சின் எண். வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அவ்வெண் கிடைத்தால், கம்பெனியார் வெளியிட்ட பட்டியல்களைக் கொண்டு பாடியவரையும் பதிவான காலத்தையும் கண்டுகொள்ள வழியுண்டு.

தேடுவோருள் இருவகையார் உளர். கிட்டப்பாவின் தட்டொன்று கிடைத்தால் விலை கேட்டு மகிழ்வோர் ஒரு வகை. செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். பேசும்படம் எதிலும் நடித்தாரல்லர். அவர் குரல் இன்றும் நம்மிடம் இருப்பது தட்டுக்களாலேயே என்பது மெய். ஆயின் புகழ் மிக்கவர் தட்டு ஆயிரக்கணக்கில் விற்றது. ஒன்று உடைந்தால் மற்றொன்று எங்கேனும் இருக்கும். பெயரறியாதவர் தட்டுக்கோ ஒருவேளை உலகில் அஃது ஒன்றே படி. எனவே அறிவுடைய தேட்டம் அதன் பக்கலதே என்பது எம் கருத்து. நண்பர் பலர் இதற்கு உடன்படார். அவர்கள் அலமாரி எம்மதனினும் அழகியது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இதனை எம் நாட்டார் ஒருவரை வைத்தே விளக்கலாம். பட்டாசுக்குப் பெயர்போன சிவகாசியிற் பிறந்தவர் எஸ். எஸ். விசுவநாததாஸ் (1886–1940). மருத்துவர் குலத்தவராதலின் அவரோடு மேடையேற மறுத்த நடிகர் அக்காலத்து உண்டு. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் கட்டத்தில், வெள்ளைக் கொக்குகளைச் சாடுவதாக வைத்து வெள்ளையராட்சியைச் சாடிப் பாடுவார், கொட்டகை அதிரும், வெளியே போலீஸார் காத்திருப்பர். பலமுறை சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில் முருகவேடத்தோடு மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். அவர் ஊருக்கு அண்மையிலேயே வாழும் யாம் இத்தனையாண்டு துருவியும் அவர் பெயர் பொறித்த தட்டொன்றைக் கையில் எடுத்ததில்லை. பழந்தட்டுக் கட்டெதனை அவிழ்க்கும்போதும் எம் கண் முதலிலே தேடுவது அப்பெயரைத்தான்.

அங்ஙனம் அவிழ்த்த கட்டொன்றே எம் வாழ்நாட் பிழைக்கும் காரணமாயிற்று. எம் ஊர் ரேடியோ செட்டுக்காரர் தொழிலை விட்டபோது, பரணிலிருந்து ஒரு கோணிப்பையை இறக்கி, “எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, இல்லேன்னா குப்பைமேட்டுக்குத்தான்” என்றார். உள்ளே பதினொரு தட்டு, நான்கு உடைந்தவை. எஞ்சியவற்றுள் ஒன்றில் சீட்டு முழுவதும் அரித்து, ‘மது’ என்னும் ஈரெழுத்தே நின்றது. மதுரையோ, மதுரகவியோ, வேறு யாதோ! சுழலவிட்டோம். கால் ஆர்மோனியம் முன்னே செல்ல, ஆண்குரலொன்று எடுப்பான சுருதியில் நாடகப்பாட்டைப் பாடிற்று. எவர் குரல் என்று அறிந்திலம். அதுபோன்ற குரலை முன்னரும் கேட்டிலம், பின்னரும் கேட்டிலம். இரைச்சல் மிகுந்திருந்தமையால், துடைத்துவிட்டு மறுநாட் கேட்போம் என்று எண்ணி, வினைல் தட்டுக்குச் செய்யும் பழக்கத்தால் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்துத் துடைத்தோம். அரக்கை ஸ்பிரிட் கரைக்கும். தச்சர் நாற்காலிக்கு மெருகேற்றுவதே அவ்விரண்டையும் கலந்துதானே! பஞ்சு கறுத்தது, தட்டு சாம்பல் பூத்தது. மறுபடி ஊசி வைத்தபோது, ஓலைக்கூரையில் மழை பெய்யும் ஓசையன்றி வேறொன்றும் இல்லை.

ஆதலின் இத்துறையிற் புகும் மாணாக்கர் 78 சுற்றுத் தட்டைத் துடைக்க மென்துணியும் சிறிது நீருமே கொள்க. நீரும் சீட்டிற் படலாகாது. படுக்கவைத்து அடுக்கற்க, நிமிர்த்தி நிறுத்துக. வினைலுக்குரிய மெல்லூசியை இதற்கு இடற்க. அகன்ற பள்ளத்தின் அடியில் அது புழுதியையே உழும். துடைக்குமுன் உள்ள இரைச்சலோடு ஒருமுறை பதிவு செய்துகொள்க. இவ்விறுதி விதியை முன்னரே எமக்கு ஒருவர் சொல்லியிருக்கலாம்.

இத்தேட்டத்தில் நாம் தனித்தவரல்லேம். 1990-இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றிற்று. ஓடியன் முத்திரையோடு 1912 முதல் 1916 வரையிலும், பின்னர் 1932 முதல் 1938 வரையிலும் இந்நாட்டில் வெளியான தட்டுக்களைச் சேகரிப்போர் வீடுவீடாகத் திரட்டி ஒலிப்படி எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் வாயிலாக யாவரும் கேட்கச் செய்துள்ளனர். தமிழ்த் தட்டுக்கள் அவற்றுட் பல. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழந்தமிழ் ஏடுகளைக் கொண்டு 1994-இற் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகமும் நாடகத்தையும் பாட்டையும் ஆராய்வோர்க்குப் பெருந்துணை.

சாம்பல் பூத்த அத்தட்டு எம் அலமாரியில் நிற்கிறது. ஸ்பிரிட் படாத நடுவிடத்தில் மூல அச்சின் எண் தெளிவாகவே தெரிகிறது. அதனைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதியுள்ளோம். புதிதாய் ஒரு பழம்பட்டியல் கைக்கு வருந்தோறும் அவ்வெண்ணையே முதலிற் பார்க்கிறோம். விடுதி மாணாக்கரும் இப்பொழுது எம்மோடு சேர்ந்து பார்க்கிறார்.