நோயிடம் காட்டும் நரம்புகள்

மூளையிலிருந்து பன்னிரண்டு இணை நரம்புகள் மண்டையோட்டின் துளைகள் வழியே வெளிவருகின்றன. இவற்றைக் கபால நரம்புகள் என்பர். முகர்வதும், பார்ப்பதும், கேட்பதும், முகம் அசைவதும் இவற்றால் நடைபெறுவன. எந்த நரம்பு எந்தத் துளை வழியே செல்கிறது என்பதை அறிந்தவர், எவை தளர்ந்துள்ளன என்பதைக் கொண்டே நோய் எங்கே இருக்கிறது என்று கூறிவிடலாம். மருத்துவம் பயிலும் நான், பிற துறை நண்பர்களுக்கும் விளங்கும்படி, நம் தில்லி கண்ட நோய் ஒன்றைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலையையொட்டிக் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியது. மே மாதத்தில் தில்லி அரசு அதனைக் கொள்ளைநோயாக அறிவித்தது. கட்டுக்கடங்காத நீரிழிவும், அளவு மீறிய ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு இடங்கொடுத்தன. காற்றிலுள்ள பூஞ்சை வித்துகள் மூக்கினுள் புகுந்து, முக எலும்புகளின் காற்றறைகளில் வளர்ந்து, கண்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறும். ஏறும் வழியெல்லாம் இரத்தக் குழாய்களை அடைத்துத் தசையைக் கருக்கிவிடும்.

இந்த ஏற்றத்தை நரம்புகளைச் சோதித்தே பின்தொடரலாம். முதலில் நோயாளியைக் கண் மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் இரு கன்னங்களையும் மாறி மாறித் தொட வேண்டும். ஒரு கன்னம் மரத்திருந்தால், மேல்தாடையின் காற்றறையையொட்டிச் செல்லும் ஐந்தாம் நரம்பின் நடுக்கிளை தாக்குண்டிருக்கலாம்.

அடுத்து, தலையை அசைக்காமல் நம் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்ல வேண்டும். கண் வெளிப்பக்கம் திரும்பாவிட்டால் பழுது ஆறாம் நரம்பில். இமை தொங்கி, விழி கீழும் வெளியும் நோக்கி நின்றால் மூன்றாம் நரம்பில். படியிறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரிந்தால் நான்காம் நரம்பை ஐயுற வேண்டும். நெற்றி மரத்தால் ஐந்தாம் நரம்பின் மேற்கிளையைப் பார்க்க வேண்டும். இவை யாவும் கண்குழியின் பின்முனையிலுள்ள ஒரே பிளவின் வழியே வருவன. பார்வை நரம்பு பக்கத்துத் துளையில் வருகிறது. ஆகவே இமையும் விழியும் தளர்ந்து, பார்வையும் மங்கினால், நோய் அந்த முனையை எட்டிவிட்டது எனலாம். அதற்கு அப்பால் இருப்பது மூளை.

முகம் கோணியிருந்தால் புருவத்தை உயர்த்தச் சொல்ல வேண்டும். நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் பழுது ஏழாம் நரம்பிலேயே இருப்பதாகக் கொள்வர். நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணினால் பழுது மூளையில். நெற்றிக்கு மூளையின் இரு பக்கமும் ஆணை அனுப்புவதே இதன் காரணம்.

ஒன்றை மறக்கலாகாது. ஆறாம் நரம்பு மட்டும் தளர்ந்திருந்தால், நோய் அதன் அருகிலேயே உள்ளது என்று முடிவு கட்டக்கூடாது. மண்டைக்குள் எங்கே அழுத்தம் மிகுந்தாலும் அது தளரும். காசநோய் மூளையுறையைத் தாக்கும்போதும் இதனைக் காணலாம்.

ஸ்கேன் வந்துவிட்ட காலத்தில் பஞ்சும் விரலும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். யாருக்கு ஸ்கேன் உடனே வேண்டும் என்பதை முதலில் சொல்பவை அவைதாம். காலத்தே கண்டால் அறுவையும் ஆம்ஃபோடெரிசின் மருந்தும் பயன் தரும். காலம் தாழ்ந்தால், உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க நேரும். 2021இல் பலருக்கு அவ்வாறே நேர்ந்தது.

நண்பர்களே, கொரோனா தணிந்துவிட்டது, நீரிழிவு தணியவில்லை. அந்நோயுள்ள பெற்றோரை ஊரில் விட்டு வந்தவர்கள் நம்மில் பலர். அவர்களுள் எவரேனும் தொலைபேசியில், "ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போகிறது, மூக்கடைத்துக் கறுப்பாக வடிகிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது" என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.