பதம் வரும்வரை கலக்குவோம்: பத்தாம் வகுப்பு சோப்புச் செயல்பாடு

பத்தாம் வகுப்பு ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ பாடத்தில் சோப்பு உண்டாவதை ஒரே சமன்பாட்டில் எழுதிவிடுகிறோம். எண்ணெயும் காரக் கரைசலும் தாமாக ஒன்று சேராதவை என்பதை அந்தச் சமன்பாடு சொல்வதில்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பில்தான் வினை நடக்கிறது. கலக்கக் கலக்க எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து அந்தப் பரப்பு பெருகும். முதலில் உண்டாகும் சிறிதளவு சோப்பே மீதி எண்ணெயையும் நீரையும் பால்மமாக்கி வினையை விரைவுபடுத்தும்.

இதைக் கண்ணால் காண இரண்டு கிண்ணங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் 100 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 17 கிராம், காய்ச்சி வடித்த நீர் 35 மில்லி. 100 கிராம் எண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் காரம் தேவை. ஒரு கிராம் குறைத்தால் சிறிது எண்ணெய் மிஞ்சும், காரம் மிஞ்சாது. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள பள்ளிகள் அந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம். கடினநீரிலுள்ள கால்சியம் கரையாத சோப்பாகி வெண்புள்ளிகளாகத் தெரியும். கலக்கிய குறையா, நீரின் குறையா என்று மாணவர்கள் குழம்புவார்கள்.

காரக் கரைசலை ஆசிரியரே, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் தயாரிக்க வேண்டும். நீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியம் வேண்டவே வேண்டாம், காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, முதல் கிண்ணத்தை ஒரு நிமிடம் மட்டும் கலக்கி அச்சில் ஊற்றுங்கள். இரண்டாவதைப் பதம் வரும்வரை கலக்குங்கள். கரண்டியால் எடுத்து மேலாக ஊற்றும்போது, விழுந்த தடம் உடனே மறையாமல் நிற்க வேண்டும், அதுவே பதம். அதிரசப் பாகு பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையால் கலக்கினால் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. மணி அடித்துவிட்டதே என்று பாதியில் அச்சில் ஊற்றும் சோப்புதான் வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கையின் தோலைப் புண்ணாக்கும்.

மார்கழியில் இன்னொரு சிக்கல் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். காலை வகுப்பில் கலவை கெட்டியாவது எண்ணெய் உறைவதால் இருக்கலாம், அது பதமல்ல. எண்ணெயை வெந்நீரில் வைத்துத் தெளிவாக உருக்கிய பிறகே தொடங்க வேண்டும்.

மறுநாள் இரண்டு அச்சுகளையும் ஆசிரியரே கையுறையுடன் திறந்து காட்டலாம். முதலாவதில் மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் நீர் கசியும், இடையில் பொடியும் வெள்ளைக் கட்டிகள் இருக்கும். பினாப்தலீன் விட்டால் எண்ணெய்ப் பகுதி நிறம் மாறாது, காரம் தேங்கிய இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாகும். மஞ்சள் தாள் இங்கே உதவாது. நல்ல சோப்பிலும் அது சிவக்கும்.

இரண்டு கிண்ணத்திலும் போட்ட எடை ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கேள்வியை மாணவர்களிடமே விடுங்கள். விடையைச் சோதிக்கவும் வழியுண்டு: கெட்ட கலவையை, கசிந்த நீரையும் விடாமல் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி மீண்டும் கலக்கினால் அதுவும் சோப்பாகும். இரண்டையும் நான்கு வாரம் காற்றாட உலரவிட்ட பிறகே கை கழுவத் தரலாம்.