வெந்தய வாசனையும் ஒரு மேயரும்

2005-ல் இருந்து நியூயார்க்குக்கு ஒரு விநோதமான தொல்லை. சில நாட்களில் மட்டும் தெருவெல்லாம் மேப்பிள் சிரப் வாசனை அடிக்கும். பான்கேக் மேல ஊத்துவாங்களே, அந்தப் பாகுதான். கொஞ்ச நேரத்தில் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். 2001 தாக்குதலைப் பார்த்த ஊர் என்பதால், இனிப்பு வாசனைக்கே ஜனங்க பயந்தாங்க. 311-க்கு போன் போட்டாங்க.

நகராட்சிப் புகார் எதுவானாலும் இந்த ஒரே நம்பர். 2003 மார்ச்சில் வந்தது. அதற்கு முன் குப்பைக்கு ஒரு நம்பர், தெருவிளக்குக்கு ஒரு நம்பர். யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்? புகார் எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவாகும். வாசனைப் புகார்களை மேப்பில் புள்ளி வைத்து, அந்த நேரத்துக் காற்றின் திசையோடு பொருத்திப் பார்த்தார்கள். புள்ளிகள் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில் ஒரு வாசனைப் பொருள் ஆலையைக் காட்டின. அங்கே பதப்படுத்தியது வெந்தயம்! நாம இட்லிக்கு ஊறப்போடுற அதே வெந்தயம்.

2009 பிப்ரவரியில் இதை அறிவித்த மேயர் மைக்கேல் புளூம்பெர்க், 1964-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தவர். நம்ம டிரிபிள் இ ஆளுன்னு வச்சுக்கோங்க. அப்புறம் ஹார்வர்டில் எம்.பி.ஏ., சாலமன் பிரதர்ஸில் 15 வருஷ வேலை. கடைசியில் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளினார்கள். 1981-ல் கம்பெனி கைமாறியபோது வீட்டுக்கே அனுப்பினார்கள். பங்குதாரர் என்பதால் கையில் 1 கோடி டாலர் கிடைத்தது (நமக்கெல்லாம் ரிலீவிங் லெட்டர் கிடைச்சாலே பெரிசு). அந்தப் பணத்தில், பத்திர விலைகளை உடனுக்குடன் திரையில் காட்டும் டெர்மினலை உருவாக்கினார். 2002 முதல் 2013 வரை மேயர். நகர மன்றத்திலும் தனி அறை வைத்துக்கொள்ளாமல், ஊழியர்களுக்கு நடுவே ஒரு மேசையில்தான் உட்கார்ந்தார்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஃபீட்பேக் படிச்சிருப்பீங்க. 311-ல் சென்சாரே ஜனங்கதான். ஆனால் அதே ஆட்சியில் இன்னொரு எண்ணிக்கையும் ஓடியது. போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்திச் சோதித்தது 2011-ல் மட்டும் சுமார் 6,85,000 முறை. பெரும்பாலானவர்கள் கறுப்பர், லத்தீன் இளைஞர்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்த வழக்கும் இல்லாமல் விடப்பட்டார்கள். நிரபராதியை நிறுத்தியது, என் பார்வையில், அந்த சிஸ்டத்தின் எரர் சிக்னல். அது தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. கொலைகள் குறைகின்றனவே என்று மேயர் அந்த முறையை விட்டுக்கொடுக்கவில்லை.

அது நடத்தப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2013 ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னது. பிறகு சோதனைகள் மளமளவெனக் குறைந்தன. கொலைகள் எகிறவில்லை, 2017-ல் 300-க்கும் கீழே போயின. 2019 நவம்பரில் புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் நின்று புளூம்பெர்க் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரமே அதிபர் தேர்தலில் போட்டியிடுவதாக அறிவித்தார்.