ரோம் நகரத்துச் சாப்பாடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரோமுக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் கொலோசியத்துக்கு டிக்கெட் எடுத்த கையோடு தேடுவது ‘உள்ளூர்க்காரர்கள் மட்டும் சாப்பிடும் கடை’ எது என்பதைத்தான். சந்துக்குள் இருக்கும் அந்த ஒரு கடை கிடைத்துவிட்டால் ரோம்வாசிகளைப் போலவே சாப்பிட்டுவிடலாம் என்று நம்புகிறார்கள். அது பாதிகூட உண்மையில்லை. ரோம்வாசிகள் முகவரியைவிடக் கிழமையையும் பருவத்தையும்தான் பார்க்கிறார்கள். வெள்ளியன்று இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கத்தால் அன்று மீன். அதற்கு முந்தைய வியாழனில் வயிறு நிறைய ஞோக்கி என்னும் உருளைக்கிழங்கு உருண்டை. சனிக்கிழமை மாட்டு இரைப்பைக் கறி. திராத்தோரியா எனப்படும் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் இந்த வரிசை இன்றும் தப்புவதில்லை. வியாழக்கிழமை உள்ளே போய் ஞோக்கி கேட்டுப் பாருங்கள், பரிமாறுபவரின் முகமே மலரும்.

அடுத்தது கார்பொனாரா. ‘பண்டைய ரோமானியர் காலத்துப் பாஸ்தா’ என்று இதைச் சொல்லிச் சொல்லியே நிலைநிறுத்திவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரோமானியச் சமையல் புத்தகங்களில் இந்தப் பெயரே இல்லை. 1944இல் நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்த பிறகுதான் இது பரவியது. ‘லா குச்சினா இத்தாலியானா’ இதழ் 1954இல் வெளியிட்ட குறிப்பில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் குருயேர் சீஸும் இருந்தன! முட்டை, பெக்கொரினோ ரொமானோ சீஸ், க்வஞ்சாலே என்னும் பன்றிக் கன்னக் கொழுப்பு, மிளகு, இவை தவிர வேறெதுவும் கூடாது என்ற இன்றைய கண்டிப்பு பிற்பாடு வந்தது. கிரீம் ஊற்றாமல் செய்தால்தான் ருசி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ருசிக்காகப் பொய் வரலாறு தேவையில்லை.

அந்தத் தட்டில் உண்மையிலேயே பழையது மிளகு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தொமீஷியன் ரோமின் மையத்தில் மிளகுக்கென்றே கிடங்குகள் கட்டினார். பிறகு அவற்றின் மேல்தான் மாக்ஸென்டியஸ் மண்டபம் எழுந்தது. அங்கே குவிந்த மிளகு, சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறையிலிருந்தும் மலபாரின் மற்றத் துறைகளிலிருந்தும் கப்பலேறிப் போனது. ரோமானியப் பொன் இந்தியாவுக்குப் போய்ச் சேர்கிறதே என்று அறிஞர் பிளினி அதற்கு முன்பே வருந்தி எழுதினார். மண்டபத்தின் பிரம்மாண்டமான வளைவுகளைப் படம் எடுக்கும் நம்மவர்கள், காலுக்கடியில் நம் கடற்கரையின் சரக்கு கிடந்த இடம் இருப்பதை அறிந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சைவ உணவுக்காரர்களிடம் உள்ள நம்பிக்கை இரு வகை. ஒன்று, ‘ரோமில் நமக்கு ஒன்றுமே கிடைக்காது’. மற்றது, ‘இறைச்சி கண்ணில் படாவிட்டால் சைவம்தான்’. இரண்டும் தவறு, இரண்டாவது ஆபத்தான தவறு. சீஸும் மிளகும் மட்டும் சேர்ந்த காச்சியோ எ பெப்பே பாஸ்தாவைச் சைவம் என்று நம்பிச் சாப்பிடுகிறார்கள். அதிலுள்ள பெக்கொரினோ ரொமானோவுக்குப் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். சட்டப்படியான செய்முறையே அதுதான். பர்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் நொதி. அது போக, தட்டில் தங்க நிறமாக வரும் சுக்கினிப் பூ பஜ்ஜியைப் பிட்டுப் பாருங்கள்: உருகும் மொத்சரெல்லாவுக்கு நடுவே ஒரு துண்டு நெத்திலி இருக்கும். குளிர்காலத்து புந்தரெல்லே கீரை சாலடின் சாறும் நெத்திலியை அரைத்துச் செய்ததே. சுப்ளி என்னும் சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும்.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? பேக்கரிகளில் தக்காளி மட்டும் தடவிய பீட்சா ரொஸ்ஸா கிடைக்கும். அதை எடை போட்டு விற்கிறார்கள், எவ்வளவு அகலம் வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டித் தருவார்கள். காட்டுக் கீரையை வேகவைத்துப் பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய சிக்கோரியா நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா அச்சூகே’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், நெத்திலி வேண்டாம்.

பதினொரு மணிக்கு மேல் கப்புச்சினோ கேட்டால் அவமானப்படுத்துவார்கள் என்பது வெறும் பயமுறுத்தல். ரோம்வாசிகள் அந்த நேரத்தில் அதைக் குடிப்பதில்லை, அவ்வளவே. நீங்கள் கேட்டால் தருவார்கள். கவனிக்க வேண்டியது நேரத்தை அல்ல, இருக்கையைத்தான். பார் எனப்படும் காப்பிக் கடையில் நின்று குடிக்கும் காப்பிக்கு ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு.

தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் பொய். 1874 முதல் தெருவோரங்களில் நசோனி என்னும் இரும்புக் குழாய்கள் நிற்கின்றன. இன்று சுமார் 2,500 உண்டு. ஓடும் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. மூக்கு போல வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு எழும், வாய் வைக்காமல் குடிக்கலாம்.

ரோமானியச் சாப்பாடு என்றால் ஐந்து வகை வரிசையாக வரும் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் தெஸ்தாச்சோ பகுதிக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பெரிய இறைச்சிக்கூடம் எழுந்தது, 1975 வரை இயங்கியது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போக, வால், குடல், இரைப்பை, ஈரல் எல்லாம் கூலியின் பகுதியாகத் தொழிலாளர் கைக்கு வந்தன. அவற்றுக்கு ‘ஐந்தாவது கால்பங்கு’ என்று பெயர். தக்காளியிலும் செலரியிலும் மணிக்கணக்காக வேகும் மாட்டுவால் கறி பிறந்தது அந்த அடுப்புகளில்தான். இன்று அந்த வட்டாரத்துச் சந்தைக்குள் நின்றுகொண்டே சாப்பிடும் மதிய உணவு, சுற்றுலாச் சதுக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பரிமாறும் விருந்தைவிட ரோமுக்கு எவ்வளவோ நெருக்கமானது. ஒரு பாஸ்தாவும் ஒரு கீரையும் கேட்டு எழுந்து வருவது மரியாதைக் குறைவே அல்ல.

கடைசியாக ஆர்ட்டிசோக். யூதர்களை 1555இல் போப் நான்காம் பால் அடைத்து வைத்த கெட்டோ பகுதியின் பெருமை இது. மொக்கைச் சுற்றிச் செதுக்கி, ஆலிவ் எண்ணெயில் நிதானமாக ஒரு முறை பொரித்து, இதழ்களை விரித்து, கொதிக்கும் எண்ணெயில் மறுமுறை போடுகிறார்கள். வெளியிதழ் அப்பளமாக நொறுங்கும், நடுப்பகுதி வெண்ணெயாகக் கரையும். நெத்திலிப் பயமும் இதில் இல்லை. ஆனால் ரோமானிய ஆர்ட்டிசோக்கின் பருவம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். ஆகஸ்டில் உங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் வேறு ஊர்ச் சரக்கு. கோடை விடுமுறையில் போகிறவர்கள் அதைக் கேட்காதீர்கள், தக்காளியைக் கேளுங்கள்.