திராட்சைப் பந்தலுக்குள் வெயில் விழட்டும்

லோயர் கேம்ப், கூடலூர் பகுதியில் பன்னீர் திராட்சை பயிரிடுவோருக்குச் சாம்பல் நோய் புதிதல்ல. மலையை ஒட்டிய நிலம். மாலை வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆனி, ஆடியில் சாரல் வேறு. பந்தலின் மேற்புறம் பச்சைப் பசேலென்று தழைத்திருக்கும். உள்ளே குனிந்து பார்த்தால் கொத்துகளில் சாம்பல் பூத்திருக்கும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். அதற்கு முன்பு பந்தலுக்குள் வெளிச்சம் போகிறதா என்று பார்ப்பது நல்லது. மருந்தைவிட அது மலிவு.

சாம்பல் நோய்ப் பூசணம் இலையின் மேல்தோலில் படர்ந்து, உறிஞ்சிகளை மட்டும் உள்ளே செலுத்தி வாழ்கிறது. ஆகவே வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதன் மீது நேராகவே விழுகிறது. வெயில் படும் இலை, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவும் ஆகிறது. இரண்டுமே பூசணத்துக்கு ஆகாதவை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்டின், வில்காக்ஸ் என்ற விஞ்ஞானிகள் திராட்சைத் தோட்டத்திலேயே இதைச் சோதித்து 2012ல் முடிவை வெளியிட்டனர். நிழலில் இருந்த இலைகளிலும் கொத்துகளிலும் நோய் அதிகம். வெயில் பட்டவற்றில் குறைவு. வெயிலை விட்டு, புறஊதாக் கதிரை மட்டும் தடுத்தபோதும் நோய் கூடியது.

நார்வே நாட்டில் சுதபரன் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்ணாடி வீட்டு ரோஜா, வெள்ளரிச் செடிகளில் வரும் சாம்பல் நோயை ஆராய்ந்தனர். இரவில் சில நிமிடம் மட்டும் புறஊதா விளக்கைக் காட்டியதில் நோய் பெருமளவு அடங்கியது. ஆனால் அதனுடன் நீல ஒளியும் சேர்ந்தபோது பலன் குறைந்தது. பூசணம் நீல ஒளியைக் கொண்டு தன் காயத்தை ஆற்றிக்கொள்வதே காரணம். பகல் வெயிலில் காயமும் உண்டு, அதை ஆற்றும் ஒளியும் உண்டு! அப்படியிருந்தும் வெயில் பட்ட இடத்தில் நோய் குறைகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்த விளக்கை நமது பந்தலில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். கண்ணுக்கும் தோலுக்கும் அது தீங்கானது.

அடிச்சாம்பல் நோயின் குணம் வேறு. இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளி, அடிப்புறம் வெண்பூசணம். இது இலைக்கு உள்ளேயே வாழ்வதால் வெயில் நேராக எட்டாது. இதன் வித்துகள் இருட்டில்தான் உண்டாகின்றன. ஈரக் காற்றுடன் சுமார் 4 மணி நேர இருட்டு வேண்டும். பிறகு இலையில் உள்ள நீரில் நீந்திச் சென்று, இலைத்துளை வழியாக நுழைகின்றன. விடிந்தபின் இலை எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவுக்கு நோய் குறையும். காற்றும் காலை வெயிலும் புகாத பந்தலில் பத்து மணிக்கும் இலை சொட்டிக்கொண்டிருக்கும்.

காய்ப்புக்கும் வெளிச்சம் வேண்டும். அடுத்த பருவத்தின் பூங்கொத்து இப்போதே கண்ணுக்குள் கருவாகிறது. வெளிச்சம் குறையக் குறைய இந்தக் கருக்களும் குறைவதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி பட்ரோஸ் நிரூபித்துள்ளார். இருண்ட பந்தலில் கொடி ஓடும், கொத்து வராது. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் தழைச்சத்து இட்டால் பந்தல் இன்னும் இருளும்.

உச்சி வேளையில் பந்தலுக்கு அடியில் நின்று தரையைப் பார்க்கவும். ஆங்காங்கே வெயில் பொட்டுகள் விழ வேண்டும். ஒரே நிழலாக இருந்தால், கவாத்துக்குப் பின் வந்த நலிந்த கிளைகளையும் பற்றுக்கம்பிகளையும் நீக்கி, 12 முதல் 15 கண்கள் விட்டு நுனியைக் கிள்ளி, கிளைகளைப் பரப்பிக் கட்ட வேண்டும். கொத்தைச் சுற்றியுள்ள இலைகளை ஒரேயடியாக உருவிவிடக் கூடாது. கோடையில் பழம் வெந்துவிடும்.

மாவுப்பூச்சியும் வெளிச்சத்தைக் கெடுக்கும். அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூசணம் படர்ந்து இலையை மூடுகிறது. கவாத்தின்போது அடித்தண்டின் உரிந்த பட்டையைத் தேய்த்தெடுத்து எரித்துவிட்டால் அதன் மறைவிடம் போகும். எறும்பு ஏறும் கொடியை முதலில் பார்க்கவும்.

இவ்வளவு செய்தும் மருந்து தேவைப்படலாம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம்; கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். அடிச்சாம்பலுக்கு ஒரு சத போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். கலவையில் பளபளப்பான அரிவாளை நனைத்துப் பார்க்க வேண்டும். அதில் செம்புப் படிவு தெரிந்தால், அது மறையும் வரை சுண்ணாம்புப் பால் சேர்த்த பிறகே தெளிக்கலாம்.