அலகு தேர்தல்

காலும் அரைக்காலும் இருமாவும் காணியும் கூட்டினால் எவ்வளவு? நம் துறை மாணவர்களிடம் இவ்வினாவைத் தொடுத்தோம். கால் என்பது 1/4, அரைக்கால் 1/8, இருமா 1/10, காணி 1/80 என்று விளக்கியதும் பலரும் கால்குலேட்டரை நாடி 0.4875 என்றனர். விடை சரியே. ஆயினும் அஃது எவ்வளவு என்பது சொன்னவர்க்கே புலப்படவில்லை.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த சிறுவன் இதனை வேறு வழியில் அணுகியிருப்பான். நான்கனுள் சிறியது காணி. எனவே அனைத்தையும் காணியாக்குவான். 20, 10, 8, 1; ஆக 39. அரை என்பது 40 காணி. அரைக்கு ஒரு காணி குறைவு என்று எழுதுகோலின்றியே விடை பகர்வான். காணியினும் சிறிய முந்திரிக்கு, அதாவது 1/320க்கு, இறங்கினால் 156 வரும். பிழையில்லை, ஆனால் வேண்டாத உழைப்பு.

அதற்காக முந்திரியும் காணியும் எல்லாக் கணக்குக்கும் உதவும் என்று நாம் வாதிடவில்லை. 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க இயலாது. ஆறிலொரு பங்கு கேட்கும் இடத்தில் வேறு அலகு வேண்டும். நம் இல்லங்களில் பாகம் பிரிக்கும்போது நேர்வது இதுவே. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மி, தம் அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதியை உயில், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தாமிரபரணிக் கரையில் 48 சென்ட் நன்செய் உடைய ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரே மகனையும் விட்டு மறைந்தார் எனக் கொள்வோம். கடனும் மரணசாசனமும் தீர்ந்தபின், 'அந்நிஸா' அத்தியாயம் விதித்தவாறு மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6; எஞ்சியது மகனுக்கு. தசமத்தில் இறங்கினால் 1/6 முடிவுறாது நீளும். 0.13, 0.17 என இரண்டு இடத்தோடு நிறுத்தினால் மனைவிக்கு 6.24, தாய்க்கு 8.16, மகனுக்கு 33.60 சென்ட். எட்டும் ஆறும் பொருந்தும் மிகச் சிறிய எண்ணாகிய 24ஐ அலகாகக் கொண்டால் 3, 4, 17 பங்குகள்; பங்குக்கு 2 சென்ட் வீதம் 6, 8, 34. முன்னைய வழியில் மகன் இழந்தது 0.40 சென்ட், ஏறத்தாழ 174 சதுர அடி! எவரும் வஞ்சிக்கவில்லை, வழிதான் வஞ்சித்தது. ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் பிரித்தாலும் இக்குறை தானே நீங்கிவிடாது.

மகனோடு மகளும் ஒருத்தி இருந்தால்? மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என 17ஐ மூன்றாகப் பகுக்க வேண்டும், மீதி விழும். பின்னத்தோடு போராட வேண்டியதில்லை. 24ஐ மும்மடங்காக்கி 72 என்க. மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. நிலத்தை அளக்கும் இறுதிக் கட்டத்தில் மட்டுமே பின்னம் தலைகாட்டும்: மகனுக்கு 22 2/3 சென்ட், மகளுக்கு 11 1/3.

மகள்கள் இருவராயின் எந்த அலகு பொருந்தும்? அதனை மாணவர்களே தேர்ந்து காண்க.